அடுத்த வருஷம் யார் பூசுவது?

மேஸ்திரியிடம் செல்போனை நீட்டினேன். மூன்று நிமிஷ வீடியோ. இத்தாலியில் ஒரு வெட்டவெளி. இரும்புக் கம்பம், அதிலிருந்து நீளும் ஒரு கை, கையின் முனையில் ஒரு மூக்கு. மூக்கிலிருந்து மண் வருகிறது. முறுக்குக் குழலிலிருந்து மாவு வருகிற மாதிரி, அறுந்துபோகாமல், வளைந்து வளைந்து சுற்றுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் அதன்மேல் அடுத்த சுற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர் எழும்பி, மெள்ள உள்பக்கம் சாய்ந்து, உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு விட்டு நின்றுவிடுகிறது. ஒரு மனுஷன் மண்ணில் கை வைக்கவில்லை.

மேஸ்திரிக்கு அறுபத்தைந்து வயசிருக்கும். வாழ்நாளில் பாதி மண் சுவர், மீதி சிமென்ட் சுவர் வைத்தவர். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

“சுவரு நல்லாத்தான் வைக்குது தம்பி. அடுத்த வருஷம் யாரு வந்து பூசுவா?”

நாங்கள் நின்றுகொண்டிருந்தது புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில், என் அப்பாயி குடியிருந்த மண் வீட்டின் தென்மேற்கு மூலையில். அவர் காலமாகி நாலு வருஷம். நாலு மழைக்காலம் பூச்சு இல்லாமல் நின்ற சுவர், அடியில் எலி கடித்த ரொட்டி மாதிரி ஆகியிருக்கிறது. இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று பார்த்துச் சொல்ல வந்தவர் மேஸ்திரி. திருப்பூரில் இருக்கும் அண்ணன் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டான்: இடி. நான்தான் சுவருக்கு வக்கீலாக ஆஜராகி, ‘பாருங்க, வெள்ளைக்காரனே இப்ப மண்ணுல கட்டுறான்’ என்று இத்தாலி வீடியோவைச் சாட்சிக்கு இழுத்துவந்தேன். சாட்சி பிறழ்சாட்சியாகிவிட்டது.

ஆனால், அவர் கேட்ட கேள்வி நன்றாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இத்தாலிக்கே போய்விட்டு வரலாம்.

அந்த வீட்டின் பெயர் டெக்லா. ரவென்னாவுக்குப் பக்கத்தில் மஸ்ஸா லொம்பார்தா என்ற சின்ன ஊரில் 2021-ல் கட்டி முடித்தார்கள். கட்டடக் கலைஞர் மாரியோ குச்சினெல்லா. இயந்திரம் அந்த ஊரிலேயே இருக்கும் வாஸ்ப் என்ற கம்பெனியுடையது. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மண் குமிழ்கள். மொத்தம் 60 சதுர மீட்டர், நம் கணக்கில் 650 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு குமிழில் கூடமும் சமையலும், இன்னொன்றில் படுக்கையும் குளியலறையும். இரண்டு கைகள் ஒரே நேரத்தில் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்தன. 12 மில்லிமீட்டர் உயரத்தில் 350 அடுக்குகள். பிழிந்த மண்ணை ஒரே கயிறாக நீட்டினால் 150 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிட்டத்தட்ட விழுப்புரம். நேரம் 200 மணி. சராசரி மின்சாரத் தேவை 6 கிலோவாட்டுக்கும் கீழே, அதாவது மூன்று வீட்டு வாட்டர் ஹீட்டர்கள் ஒன்றாக ஓடுகிற அளவு. 3-டி பிரிண்டர் என்றதும் ஏதோ பெரிய பேக்டரி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் மரியாதை வந்துவிட்டது.

நேரில் போகவில்லை. படம், வீடியோ, வரைபடம் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சாப்பிடாமல் ஓட்டலுக்கு மார்க் போடுகிற காரியம் என்று ஆர்க்கிடெக்ட் நண்பர்கள் திட்டலாம். நான் பி.காம். வேறு. திட்டட்டும். உலகத்தில் இந்த வீட்டைப் புகழ்ந்து எழுதியவர்களில் பெரும்பாலோர் பார்த்ததும் இதே படங்களைத்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், நிறைய இருக்கிறது. எல்லாரும் வேகத்தைப் பற்றியே எழுதினார்கள். எனக்கு அதில் பெரிய சுவாரஸ்யம் இல்லை. டெக்லாவின் நிஜமான சமாசாரம் சுவருக்குள்ளே இருக்கிறது. அது நம் மண் சுவர் மாதிரி கெட்டிச் சுவர் இல்லை. உள்பக்கம் ஒரு தோல், வெளிப்பக்கம் ஒரு தோல், நடுவில் அலை அலையாக ஓடும் மண் வரிகள், வரிகளுக்கு இடையே வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் வெயிலையும் குளிரையும் மட்டுப்படுத்துகிறது. குளிர் ஊரா, வெயில் ஊரா, ஈர ஊரா என்று பார்த்து அந்த அலையைக் கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்ளலாம். எத்தனை கெட்டிக்காரக் கொத்தனாராக இருந்தாலும் கையால் இதைச் செய்ய முடியாது. செய்யச் சொன்னால் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இயந்திரம் கையைவிட ஒசத்தியாக ஒரு வேலை செய்தால் அதை ஒப்புக்கொள்வதுதான் நியாயம்.

குமிழ் வடிவத்துக்கும் காரணம் உண்டு. மண்ணை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிய்ந்துவிடும். அதனால் மண்ணில் கூரை போட வேண்டுமென்றால் குவிமாடம்தான் வழி; எல்லா பாரமும் அமுக்கமாகவே கீழே இறங்கிவிடும். கம்பி வேண்டாம், உத்தரம் வேண்டாம். வடக்கு சிரியாவிலும் துருக்கியின் ஹர்ரானிலும் தேன்கூடு மாதிரி மண் வீடுகள் கட்டினவர்களுக்கு இது கம்ப்யூட்டர் இல்லாமலே தெரிந்திருந்தது.

ஆனால், அதெல்லாம் வறண்ட பூமி. குமிழ் வீட்டுக்கு இறவாணம் கிடையாது. நம்மூர் மண் வீட்டைப் பாருங்கள். கூரை சுவரைத் தாண்டி மூன்று அடி, நாலு அடி இறங்கி, திண்ணையையும் மூடிக்கொண்டு நிற்கும். மழை சுவரைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் அத்தனை ஏற்பாடு. டெக்லாவில் கூரையே சுவர், சுவரே கூரை. வானத்திலிருந்து விழுகிற ஒவ்வொரு சொட்டும் மண்ணின் மேலேயே உருண்டு மண்ணின் காலடிக்கே வந்து சேர வேண்டும். இப்படி ஒரு வடிவத்தை ஈரமான ஐரோப்பியக் குளிர்காலத்தில் நிறுத்தினால் பூச்சும் பராமரிப்பும்தான் அந்த வீட்டின் தலையெழுத்து. அதைப் பற்றித்தான் யாரும் வீடியோ எடுக்கவில்லை.

இங்கே என் பி.காம். கொஞ்சம் உதவும்.

டெக்லாவுக்கு முன்னால், 2018-ல், இதே வாஸ்ப் கம்பெனி அதே ஊரில் கயா என்று ஒரு சின்ன வீடு அச்சடித்தது. 30 சதுர மீட்டர். சுவருக்கான கலவை: மண் 25 சதவிகிதம், நறுக்கிய நெல் வைக்கோல் 40, உமி 25, சுண்ணாம்பு 10. பத்து நாளில் சுவர் எழும்பியது. சுவருக்கான பொருள் செலவு 900 யூரோ என்றார்கள். அவ்வளவுதான், ‘900 யூரோவுக்கு வீடு’ என்று உலகம் முழுக்கத் தலைப்பு. சுவர்ப் பொருளின் விலை வீட்டின் விலை ஆகிவிட்டது. அஸ்திவாரம் எங்கே, மரக்கூரை எங்கே, கதவு ஜன்னல், ஒயரிங், இயந்திர வாடகை, அதை இயக்குகிற பொறியாளர் சம்பளம் எங்கே? இட்லிக்கு அரிசி விலையை மட்டும் போட்டு ஓட்டல் நடத்துகிற கணக்கு இது. கம்பெனி என்னவோ ‘சுவருக்கு’ என்று சரியாகத்தான் சொன்னது. தலைப்புப் போடுகிற என் ஜாதிக்காரர்கள்தான் அந்த ஒரு சொல்லைக் காணாமல் அடித்தார்கள்.

அதைவிடப் பெரிய கணக்குத் தப்பு ஒன்று இருக்கிறது. அக்கவுன்டன்ஸி முதல் வருஷத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லித்தருவார்கள். லாரி வாங்குவது முதலாவது. வருஷா வருஷம் ஆயில் மாற்றுவது இரண்டாவது. கான்கிரீட் வீடு ஏறக்குறைய முழுக்க மூலதனச் செலவு. இன்றைக்குக் கடன் வாங்கிக் கட்டு, இருபது வருஷம் மறந்துவிடு. மண் வீடு நேர் எதிர். கட்டும்போது கையைக் கடிக்காது. மண் காலடியில் இருக்கிறது. ஆனால், வருஷா வருஷம் கொஞ்சம் மண், கொஞ்சம் சாணி, இரண்டு நாள் உழைப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் செலவை நிறுத்தினால் வீடும் நின்றுவிடும். இப்போது பிரிண்டர் எதைக் குறைக்கிறது? கட்டும் செலவை. மண் வீட்டில் ஏற்கெனவே குறைவாக இருக்கும் செலவை.

டெக்லா என்ற பெயரை எங்கிருந்து பிடித்தார்கள் தெரியுமோ? டெக்னாலஜியும் க்ளேயும் சேர்ந்தது டெக்லா; அது ஒரு கணக்கு. இன்னொன்று, இத்தாலி எழுத்தாளர் இடாலோ கால்வினோ 1972-ல் வெளியிட்ட நாவலில் வரும் ஒரு கற்பனை நகரத்தின் பெயர். அந்த நகரத்தில் கட்டுமானம் முடியவே முடியாது. எப்போதும் சாரம் கட்டி, யாராவது எதையாவது தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டே இருப்பார்கள். மண் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால், அந்தப் பெயரை வைத்துவிட்டு, ‘200 மணி நேரத்தில் முடித்தோம்’ என்றால் என்ன அர்த்தம்? பெயர் வைத்தவர்கள் நாவலைப் படித்திருக்கிறார்கள். பிரஸ் நோட் எழுதியவர்கள் படிக்கவில்லை போலிருக்கிறது.

முடியாத கட்டுமானத்தை நிஜத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக்குப் போக வேண்டும். ஜென்னே என்ற ஊரின் பெரிய மசூதி. இப்போது நிற்கும் கட்டடம் 1907-ல் எழுந்தது. முழுக்க மண். உலகத்தின் மிகப் பெரிய மண் கட்டடம் என்று சொல்வார்கள். ஊரையே யுனெஸ்கோ 1988-ல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சுவரில் வரிசை வரிசையாகப் பனங்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். போட்டோவில் பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைப்பார்கள். அழகாகவும்தான் இருக்கிறது. ஆனால், அதற்கு ஒரு வேலை உண்டு: அது நிரந்தரச் சாரம். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஊரே கூடி மசூதிக்கு மண் பூசுகிறது. உமி கலந்து புளிக்கவைத்த மண். பெண்கள் தண்ணீர் சுமக்கிறார்கள், பையன்கள் கூடையில் மண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், கொத்தனார்கள் ஏணி வைத்து அந்தக் கட்டைகளில் ஏறி நின்று கையால் அப்புகிறார்கள். எந்தத் தெருக்காரன் முதலில் மண் கொண்டுவந்தான் என்று போட்டி. தேர் இழுக்கிற நாளில் நம்மூர் எப்படி இருக்குமோ அப்படி.

இத்தனை செய்தும் 2009 நவம்பரில் ஒரே நாள் கனமழையில் தெற்குக் கோபுரத்தின் மேல்பாகம் சரிந்துவிட்டது. திரும்பக் கட்டினார்கள். அதே ஊரில் வசதியானவர்கள் சிலர், வருஷா வருஷம் பூசும் தொல்லை வேண்டாம் என்று வீட்டு முகப்பில் சுட்ட ஓடு பதித்துக்கொண்டதும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பூச்சு வேலை எத்தனை நோவு என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். டூரிஸ்ட்டுக்குத் தெரியாது, பத்திரிகைக்காரனுக்கும் தெரியாது.

இன்னொரு உதாரணம், டெக்லாவுக்கு ரொம்ப நெருக்கமானது. கேமரூன் நாட்டின் வடகோடியில் முஸ்கும் என்ற மக்கள். இவர்களுடைய பழைய வீடும் மண் குமிழ்தான். உயரமாக, முட்டையை நிறுத்தி வைத்த மாதிரி, உச்சியில் வட்டத் திறப்பு. வெளிப்பக்கம் முழுக்கப் புடைத்த வரிகள். டெக்லாவின் வெளிச்சுவரிலும் வரிகள் உண்டு. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாட்டியும் பேத்தியும் மாதிரி இருக்கும். டெக்லாவின் வரிகள் சுவருக்கு உறுதி தருகின்றன, நிழல் தருகின்றன. முஸ்கும் வரிகள் மழைத் தண்ணீரைப் பிரித்து இறக்குகின்றன, கூடவே இன்னொன்றும் செய்கின்றன. அவை படிகள். கட்டும்போது மட்டுமில்லாமல், பிற்பாடு பூச வருகிறவனும் அதில் கால் வைத்து ஏறலாம். அடுத்த வருஷம் வரப்போகிறவனின் பாதத்துக்குச் சுவரிலேயே இடம் விட்டிருக்கிறார்கள்.

நான் பார்த்த டெக்லா படம் எதிலும் அப்படிப் பாதம் வைக்க ஓரிடம் தென்படவில்லை. வேலை முடிந்ததும் இயந்திரம் கையை மடக்கிக்கொண்டு போய்விட்டது. வழவழவென்று நிற்கும் அந்த மண் வரிகளில் யார், எப்படி, எதைப் பூசுவது? என் குறை இவ்வளவுதான். ஆனால், இதைச் சின்னக் குறை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வாஸ்ப் என்றால் குளவி. மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவியைப் பார்த்துத்தான் 2012-ல் கம்பெனிக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். நமக்கும் குளவிக்கூடு ஆகாத சமாசாரம் இல்லை. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று அப்பாயி அதை உடைக்க விடமாட்டார். சின்ன வயதில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குளவி மண் உருண்டையை வாயில் கொண்டுவந்து, நூல் மாதிரி இழுத்து வட்டமாக ஒட்டும், அதன்மேல் அடுத்த வட்டம். பிரிண்டர் செய்வது அப்படியே அதுதான். கூடு முடிந்ததும் குளவி என்ன செய்யும்? ஒரு முட்டை இட்டு, உள்ளே நாலு புழுவைத் திணித்து, வாயை அடைத்துவிட்டுப் பறந்துவிடும். அந்தக் கூட்டைப் பூசிப் பராமரிக்க அது திரும்பி வருவதில்லை. புழு பெரிசாகி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே போனால் கூட்டுக்கும் வேலை முடிந்தது. பெயரை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்!

சரி, இத்தாலிக்காரர்கள் பக்கம் நின்றும் பேசிப் பார்ப்போம். சிமென்ட் தயாரிப்பு மட்டும் உலகத்தின் கரியமில வாயுவில் 7, 8 சதவிகிதத்துக்குப் பொறுப்பு. மண்ணுக்குத் திரும்பத்தான் வேண்டும். ஆனால், கூலி விண்ணைத் தொடும் ஊரில், மண் மிதிக்க ஆள் கிடைக்காத ஊரில் எப்படித் திரும்புவது? சார்டினியா தீவில் வெயிலில் காயவைத்த மண் கல்லால் கட்டிய வீடுகள் ஊர் ஊராக உண்டு. ஆனால், மஸ்ஸா லொம்பார்தா பக்கம் செங்கல் பூமி. அங்கே மண் சுவர் வைக்கத் தெரிந்த கை தேடினால் கிடைக்காது. கை இல்லாத இடத்தில் இயந்திரம் வந்தால் யாருடைய சோற்றையும் அது பிடுங்கவில்லை. அந்த அளவில் டெக்லா நேர்மையான வீடு. இளைஞர்கள் மண்ணைப் பழசு என்று ஒதுக்காமல் திரும்பிப் பார்க்கவும் வைத்திருக்கிறது.

கோளாறு எங்கே என்றால், உலகத்தின் ஏழைகளுக்கெல்லாம் இதுதான் வீடு என்று சொல்லிக்கொண்டு அது விமானம் ஏறும்போது. ஏழைகளிடம் போய்ச் சேர்வதற்கு முன்னால் அது போய்ச் சேர்ந்த ஓரிடத்தைக் கேளுங்கள்: 2021-லேயே துபாய் கடற்கரையில் டியோர் என்ற பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனிக்கு இதே வாஸ்ப் மண்ணில் ஒரு தற்காலிகக் கடை அச்சடித்துக் கொடுத்தது. கைப்பை விற்கிற குடிசை. எனக்கு இதில் கோபம் இல்லை, ஆராய்ச்சிக்குக் காசு எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும். சிரிப்புதான் வந்தது.

ஏழை ஊரில் மண்ணால் கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு வங்கதேசத்தில் பதில் இருக்கிறது. தினாஜ்பூர் மாவட்டத்தில் ருத்ரபூர் என்ற கிராமம். அங்கே அன்னா ஹெரிங்கர் என்ற ஜெர்மன் பெண், எய்க்கே ராஸ்வாக்குடன் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். கீழ்த்தளம் வைக்கோல் கலந்த மண், மேல்தளம் மூங்கில், சுவரைத் தாண்டி நீளும் தகரக் கூரை. மண்ணை மிதித்துக் குழைத்தவை மாடுகள். கட்டியவர்கள் உள்ளூர் ஆட்கள். வகுப்பறைக்குப் பின்சுவரில் பிள்ளைகள் புகுந்து உட்கார மண் பொந்துகள். அந்தப் படத்தைப் பார்த்தால் நமக்கே போய் உட்கார ஆசை வரும். 2007-ல் ஆகா கான் விருது கிடைத்தது. பதிமூன்று வருஷம் கழித்து, 2020-ல், அதே ஊரில் அவர் முடித்த ஆனந்தாலய் என்ற மாற்றுத்திறனாளிகள் மையத்துக்கு இன்னொரு சர்வதேச விருது. ஹெரிங்கர் பல வருஷமாகச் சொல்லிவரும் வாதம் என் மாதிரிக் கணக்குப்பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்: மண் வீட்டில் ஆள் கூலி அதிகமாகிறது என்பது குறை இல்லை. சிமென்ட் வாங்கினால் காசு ஊரை விட்டுப் போய்விடும். கூலி கொடுத்தால் ஊருக்குள்ளேயே சுற்றும். செலவுப் பட்டியலில் கூலி என்று நாம் எழுதுவதை அந்த ஊர்க்காரன் வரவில் எழுதிக்கொள்கிறான்.

இன்னொரு லாபம், எந்தக் கணக்கிலும் ஏறாதது. கட்டியவன் அங்கேயே இருக்கிறான். வெடிப்பு விட்டால் அவனுக்குத் தெரியும், எந்த மண், எத்தனை வைக்கோல் என்று.

அப்படியென்றால் இயந்திரமே வேண்டாமா? நான் அந்தக் கட்சி இல்லை. அமெரிக்காவில் கொலராடோவின் தெற்கில், சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், ரொனால்ட் ரயேல் என்ற கட்டடக் கலைஞர். அவர் குடும்பம் தலைமுறைகளாக அங்கே மண் வீட்டில் வாழ்ந்த குடும்பம். சேர்ந்து வேலை செய்பவர் வர்ஜீனியா சான் ஃப்ராடெல்லோ. ஓரிரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சின்ன பிரிண்டரை வைத்து 2019-ல் சோதனை செய்தார்கள். 2020-ல், கொரோனா காலத்தில், காசா கோவிதா என்று மூன்று அறைகள் அச்சடித்தார்கள். நடுவில் அடுப்பு, சுற்றி உட்கார மண் திண்ணை. ஒரு பக்கம் ஆற்றுக் கூழாங்கல் பதித்த குளியல் இடம், இன்னொரு பக்கம் படுக்கை. அந்தப் பகுதியில் அடோபி என்ற மண் கல் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பூச்சு வேலை அங்கே பரம்பரையாகப் பெண்கள் கைத்திறமை. அவர்களுக்கென்று ஸ்பானிஷில் தனிப்பெயரே உண்டு. இயந்திரம் அங்கே ஒன்றும் தெரியாத ஊருக்கு வந்த வாத்தியார் இல்லை. ஏற்கெனவே மண் தெரிந்த ஊரில் அதுவும் ஒரு சித்தாள். கூரை என்று ஊதிப் பெருக்கிய ரோஸ் கலர் கள்ளிச் செடியைக் கவிழ்த்திருப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. கல்யாண மண்டப வாசல் பலூன் மாதிரி இருக்கிறது. போகட்டும். டெக்லா ரொம்ப அழகு. ஆனால், எனக்கு ஒரு வீட்டைக் கொடுத்துக் குடியிருக்கச் சொன்னால், பலூனைக் கழற்றிவிட்டு ரயேலின் அடுப்பங்கரைக்குத்தான் போவேன். சுவர் விரிசல் விட்டால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம்.

நம் பக்கத்தில் ஆரோவில் மண் கட்டட நிறுவனம் 1989-லிருந்து இந்த வேலையில் இருக்கிறது. கையால் அழுத்தும் இயந்திரத்தில் மண் கல் அடிக்கிறார்கள், கொஞ்சம் சிமென்ட் சேர்த்து. அதுவும் இயந்திரம்தான். அதைச் சுற்றி ஒரு கூட்டமே நின்று வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. டெக்லா வந்த அதே 2021-ல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் 600 சதுர அடியில் ஒரு வீடு அச்சடித்துத் திறந்தார்கள். அது கான்கிரீட். அடுத்த வருஷப் பூச்சுப் பற்றி அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்பாயி வீட்டுக்கு வருகிறேன். தை பிறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் செம்மண்ணும் சாணியும் கரைத்துக் கையாலேயே பூசுவார். சுவர் முழுக்க அரைவட்டம் அரைவட்டமாக விரல் தடம். இப்போதும் உள்கூடத்துச் சுவரில் அந்தத் தடம் இருக்கிறது. டெக்லாவின் வரிகளைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். ரிப்பேருக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மதிப்பீடு செய்ய வந்தவர் நல்ல மனுஷர், மோர் வாங்கிக் குடித்தார். நிலத்துக்கு ஒரு தொகை எழுதினார். கட்டடம் என்ற இடத்தில் ‘நில்’ என்று எழுதினார். “மண் சுவர் சார், கச்சா வீட்டுல சேர்ந்துடும்.” எழுபது வருஷமாக வெயிலையும் மழையையும் நிறுத்திய சுவருக்குத் தேய்மானம் போகப் பூஜ்யம். அரசாங்கத் திட்டங்களிலும் மண் சுவர் என்றால் வீடில்லாதவனுக்குப் பக்கத்து வரிசைதான். இதே சுவரை ஒரு இயந்திரம் பிழிந்திருந்தால் அவர் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மேஸ்திரி கம்பியால் சுவரைக் குத்திப் பார்த்தார். ஒரு முழத்துக்கு மேலே கெட்டியாக இருக்கிறதாம். அடியை வெட்டிக் கல் கொடுத்துத் தூக்கிவிடலாம் என்றார்.

“பூசுறதுக்கு ஆளு?”

“ஒரு ஆயா இருக்கு. உங்க அப்பாயிகூடப் பூசின ஆளுதான். இப்ப முட்டி வலி, ஏணி ஏறாது. மருமவளை ஏறச் சொல்லிட்டு அது கீழ உட்கார்ந்து சொல்லிக்குடுக்கட்டும். ரெண்டு பேருக்கும் கூலி குடுக்கணும், பரவால்லையா?”

“கொடுத்துடலாம் மேஸ்திரி.”

“அப்ப மாசியில வெச்சுக்குவோம். அண்ணன்கிட்ட பேசிட்டீங்களா?”

இன்னும் பேசவில்லை.